பாதி ஷட்டர்

அரசாங்கம் வெளியிட்ட அத்தியாவசியப் பட்டியலில் பால் இருந்தது, மருந்து இருந்தது, காய்கறி இருந்தது, பிள்ளைகளின் படிப்பும் இருந்தது. படிப்பு முழுக்க போனில் நடந்தது. போன் ரிப்பேர் மட்டும் பட்டியலில் இல்லை. வகுப்பு அத்தியாவசியம், வகுப்பு நடக்கிற போன் கீழே விழுந்து உடைந்தால் அது அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிரச்சினை என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

என் அக்கா போன் ரிப்பேர் செய்கிறவள். கடைத்தெருவின் நடுவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே மிச்சமாகிப்போன இடத்தில் அவள் கடை. முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் அவள் உட்காரும் சுழல் நாற்காலி, சுவர் முழுக்கத் தொங்கும் போன் உறைகள். நாலு பேர் வந்தால் கடை நிறைந்துவிடும். ஐந்தாவது ஆள் நுழைந்தால் முதல் நாலு பேரில் யாராவது ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் கிடையாது. ஆள் வருவதும் காற்று வருவதும் ஷட்டர் வழியாகத்தான்.

மின்விசிறி உண்டு. ஆனால் அக்கா வேலை செய்யும்போது அது ஓடாது. போனைப் பிரித்து வைத்தால் எறும்புத் தலையளவு ஸ்க்ரூக்கள் மேசையில் கிடக்கும். விசிறியைப் போட்டால் அவை ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடும். போர்டில் சூடு வைக்கும்போது காற்றடித்தால் ஈயமும் சரியாக உட்காராது. ஆகவே அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருமே வேர்த்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள்தான். வாடிக்கையாளர்கள் முதலில் திட்டுவார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

அக்காவின் கணவர், அதாவது என் மாமா, பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் நிற்கிறவர். நோய் வந்ததும் ஓட்டலைத் தற்காலிகமாக மூடினார்கள். தற்காலிகம் என்ற சொல்லை மாமா அளவுக்கு நம்பிய மனிதரை நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்து, ஹாலில் வந்து உட்காருவார். கல்லூரி விடுதியை மூடியதால், பஸ் ஓடாத காரணத்தால் அப்பா அம்மாவிடம் போக முடியாமல் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்ட நான் லுங்கியோடு எழுந்து வந்தால், “குட் மார்னிங் சார், ரூம் வசதியா இருந்துச்சா?” என்பார்.

“கொசு மாமா.”

“அது காம்ப்ளிமென்டரி சார். தனியா சார்ஜ் பண்றதில்லை.”

மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மழை வந்தால் இழுக்கும், ஊதுபத்தி ஏற்றினால் இழுக்கும். இந்த நோய் கிளம்பியதும் அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, “இது உங்களுக்கு வரக் கூடாது” என்றார். வராமல் இருக்க என்ன செய்யணும் என்று அக்கா கேட்டாள். “வராம பாத்துக்கங்க” என்றார். அவரும் பாவம், அவருக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

அப்போது எந்த டிவியைப் போட்டாலும் ‘உயிரா, வாழ்வாதாரமா?’ என்று விவாதம் நடந்தது. நாலு பேர் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கத்துவார்கள். உயிர் முக்கியம் என்றவர் நல்ல சோபாவில் உட்கார்ந்திருந்தார். வாழ்வாதாரம் முக்கியம் என்றவர் அதைவிட நல்ல சோபாவில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நான் உன்னைப் போகச் சொல்லலம்மா. நம்ம மருந்துக் கடைக்காரர் இடம் கேக்குறார். அவர் திறக்கலாம். உன்னால திறக்க முடியலை. பூட்டின கடையை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது, நீயே சொல்லு. இந்த மாசம் பாப்பேன், அதுக்கு மேல என்கிட்ட கேக்காத.”

அக்கா போனை வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“நான் நாளைக்குக் கடையைத் திறக்கப் போறேன். தெருவுல எல்லாரும் பாதி ஷட்டர் போட்டுத் திறந்துட்டாங்க. நான் மட்டும்தான் சட்டத்தை மதிச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

“நல்ல முடிவு டாக்டர்” என்றார் மாமா. போனின் வயிற்றைக் கிழிக்கிறவள் என்பதால் அக்கா அவருக்கு எப்போதும் டாக்டர்தான்.

“நீங்க கடைப்பக்கம் வரக் கூடாது.”

“நான் எப்ப வரேன்னு சொன்னேன்?”

“உங்க மூஞ்சி சொல்லுது. இங்க பாருங்க, எனக்குக் கடையும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா ரெண்டுல ஒண்ணு போயிடும். நீங்க வீடு. நான் கடை. இவன் ஷட்டர்.”

“இவன்னா?” என்றேன்.

“நீதான்டா. சும்மாதானே கிடக்க.”

மூன்றாம் ஆண்டுப் பட்டப்படிப்பை எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

பாதி ஷட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கி வைப்பது. தூரத்திலிருந்து பார்த்தால் கடை மூடியிருக்கும். பக்கத்தில் வந்து குனிந்தால் திறந்திருக்கும். அரசாங்கத்துக்கு மூடல், ஜனங்களுக்குத் திறப்பு. ஒவ்வொரு கடைக்கும் வெளியே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து, தெருவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வேலை கிடைத்தது அந்தத் தெருவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

போலீஸ் வந்தால் தெருமுனையில் இருக்கும் துணிக்கடை முதலில் ஷட்டரை இறக்கும். அந்தச் சத்தம்தான் அறிவிப்பு. அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று தடதடவென்று கடைசி வரை இறங்கும். ரோந்து வண்டி போனதும் அதே வரிசையில் மறுபடி இடுப்பு வரைக்கும் ஏறும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. அந்தத் தெருவில் எந்த இரண்டு கடைக்காரர்களும் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

ஷட்டர் உத்தியோகத்தில் நான் ஒரு நாள்தான் தாக்குப்பிடித்தேன். குனியச் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. “யாருக்குடா குனியச் சொல்ற?” என்றார் ஒருவர். இன்னொருவர் நான் சொன்னதை மதித்துக் குனிந்து, சீக்கிரமே நிமிர்ந்து, நெற்றியைக் கிழித்துக்கொண்டார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா எழுந்து கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரினார்.

“மாப்ள, இது ஷட்டர் பிரச்சினை இல்லை. வரவேற்புப் பிரச்சினை.”

“வேணாங்க” என்றாள் அக்கா.

“ரெண்டு மாஸ்க் போட்டுக்கிறேன். ஷட்டர் பக்கத்துலேயே உக்காருறேன். கீழ காத்து வரும். எவன் கிட்டயும் போக மாட்டேன்.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

“இந்த ஹாலுக்கு யாரும் வர்றதில்லை டாக்டர்.” அவர் சிரிக்காமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். “நானும் எத்தனை நாள்தான் இவனுக்கே குட் மார்னிங் சொல்றது?”

அக்கா அவருடைய இஸ்திரிச் சட்டையைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு மாஸ்க் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து கடையின் தரமே வேறு. மாமா முக்காலியில் நேராக உட்கார்ந்து, ஆள் வந்ததும் எழுந்து, ஷட்டரின் விளிம்பில் தன் உள்ளங்கையை வைப்பார். தலை இடித்தால் அவர் கையில்தான் இடிக்கும். “வாங்க மேடம், கொஞ்சம் குனிஞ்சு, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். பையன் போனா? டாக்டர் உள்ளதான் இருக்காங்க.” நெற்றி கிழிந்தவரே மறுபடி வந்தார், பிளாஸ்திரியோடு. “வாங்க சார், போன தடவை எங்க சேவையில குறை இருந்ததாக் கேள்விப்பட்டேன்” என்று மாமா சொன்னதும் அந்த மனிதர் வெட்கப்பட்டுப்போனார். ஜனங்கள் அவரை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்காவை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை.

கூட்டம் நிஜமாகவே வந்தது. போன் உடைந்தால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் வருகைப் பதிவு இல்லை. அழுதுகொண்டே வருவார்கள். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடுகள் இருந்தன; அப்படி அடிக்கடி வருகிற ஓர் அம்மாவுக்கு மூணு புள்ளைக்காரம்மா என்றே பெயர். அக்கா யாரையும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் அது நடந்தது. உள்ளே இருக்கவேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆட்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வகுப்பில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் துணிக்கடை ஷட்டர் விழுந்த சத்தம் கேட்டது. தடதடவென்று அது எங்களை நோக்கி வந்தது. மாமா, “விருந்தினர்களின் கவனத்துக்கு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கினார்.

வழக்கமாக ரோந்து வண்டி தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. தெருமுனையிலேயே நிறுத்தி, வருகிற வண்டிகளை மடக்கிச் சோதனை செய்ய ஆரம்பித்தார்கள். மாமா ஷட்டரில் இருந்த சாவி ஓட்டை வழியாகப் பார்த்து, “செக்-அவுட் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கு” என்று கிசுகிசுத்தார்.

இருட்டு. அக்காவின் மேசை விளக்கு மட்டும். அவள் ஒரு போனின் போர்டைப் பிரித்து வைத்திருந்தாள். மூடி வைக்கவும் முடியாத, விடவும் முடியாத கட்டம். விசிறி ஓடவில்லை. வேர்வை என் முழங்கையிலிருந்து சொட்டியது. எந்தத் தோள் யாருடையது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். வெளியே இருக்கும்போது எல்லோரும் ஒரு கை தூரம் தள்ளித்தான் நிற்பார்கள். அதற்காகத் தரையில் மாமா சுண்ணாம்பில் வட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தார்.

சும்மா நிற்க முடியாத மாமா கதை சொல்ல ஆரம்பித்தார். ஓட்டலுக்கு வந்த ஒரு புதுமாப்பிள்ளை, நீச்சல் குளத்துத் தண்ணீர் சூடாக இல்லை என்று மாமாவிடம் புகார் சொல்ல, மாமா ஒரு வாளி வெந்நீரை எடுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை கண்ணெதிரே குளத்தில் ஊற்றிவிட்டு, ‘இப்ப பாருங்க சார்’ என்றாராம். மாப்பிள்ளை காலை விட்டுப் பார்த்து, ‘இப்ப ஓகே’ என்றாராம். கிசுகிசுப்பாகச் சொன்னதால் சிரிப்பு இரண்டு மடங்காக வந்தது. சத்தம் போடக் கூடாது என்பதால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் ஒருவருடைய சிரிப்பு இன்னொருவர் உடம்பில் தெரிந்தது. அத்தனை மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்த பொழுது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போதுதான் வாத்தியார் இருமினார். மைக் வேலை செய்யாத போனைக் கொண்டுவந்த பள்ளி ஆசிரியர், அமைதியான மனிதர். சிரித்ததில் புரையேறியதோ என்னவோ, ஒரு தடவை இருமினார், அடக்கப் பார்த்தார், அடக்கியது பெரிதாகி வெடித்தது.

“ஷ்ஷ்ஷ்” என்றோம் எல்லோரும்.

“சார், வெளிய கேக்கும் சார்.”

“மெதுவா இருமுங்க சார்.”

“கர்ச்சீப் இல்லையா? யாராவது கர்ச்சீப் குடுங்கப்பா.”

மாமா தன் பையிலிருந்து நாலாக மடித்த கைக்குட்டையை எடுத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், வாத்தியாரின் வாயில் அவரே பொத்தினார். இன்னொரு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தார். “ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல, மூச்சை விடுங்க. மாஸ்க்கை இறக்கிக்கங்க, தண்ணி குடிங்க.” இருமல் அடங்கியது. வெளியே காலடி எதுவும் வரவில்லை. தப்பித்தோம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம். நிஜமாகவே, எல்லோரும் ஒரே சமயத்தில், நீளமாக.

வாத்தியார் கூச்சத்தோடு கைக்குட்டையை நீட்டினார். “துவைச்சுத் தரேன் மேனேஜர்.”

“என்ன சார் நீங்க.” மாமா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விருந்தினரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது அவர் தொழில். பிறகு ஷட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஷட்டரை யாரோ தட்டினார்கள். “திறங்க, போலீஸ்தான்” என்றது குரல். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். மாமா ஷட்டரை இடுப்பளவு தூக்கி, விளிம்பில் கையை வைத்து, “வாங்க சார், கொஞ்சம் குனிஞ்சு வாங்க” என்றார்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து வந்தார். உள்ளே நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு போனை எடுத்தார்.

“தங்கச்சி, பொண்ணு போன். சார்ஜ் ஏற மாட்டேங்குது. நாளைக்குப் பரீட்சை.”

மாமா காய்ச்சலில் படுத்தது அந்த வாரத்தில். அக்காவுக்கும் எனக்கும் வந்தது. எங்களுக்கு ருசி போனது, இரண்டு நாள் உடம்பு வலித்தது, அவ்வளவுதான். மாமாவைப் படுக்கையறையில் தனியாக விட்டோம். வாசலில் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து ஒரு தாளை ஒட்டி, தெருக்காரர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஓட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தினார்கள்.

வாத்தியாரிடமிருந்து வந்ததா என்று தெரியாது. அவருக்கு அது வெறும் தொண்டை வறட்சியாகவே இருந்திருக்கலாம். அவர் நன்றாக இருக்கிறார். குனிந்து வந்தவர்களில் யாராகவும் இருக்கலாம். அத்தனை பேரையும் தலை இடிக்காமல் உள்ளே விட்டவர் மாமாதான்.

நடுவில் என் கல்லூரியில் இணையவழிப் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பைச் சொல்லவே வேண்டாம். என்னை வாழ்வாதாரத்தின் பக்கம் போட்டிருந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து, கையை ஆட்டி, பொருளாதாரம் என்பது ஒரு நாட்டின் ரத்த ஓட்டம் என்றெல்லாம் பேசினேன். எதிரணிப் பெண் உயிரைப் பற்றிப் பேசும்போது அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. முடித்துவிட்டுப் போனை அணைத்ததும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. இரண்டு மூன்று தட்டு, அதற்கே இளைப்பு.

“மாப்ள.”

“சொல்லுங்க மாமா.”

“கடைசில ரெண்டுல எதுன்னு நடுவர் சொன்னாரா?”

“இல்ல மாமா. நேரம் முடிஞ்சிருச்சு. ரெண்டு அணியும் நல்லாப் பேசினதா சொல்லிட்டாரு.”

கதவுக்குப் பின்னால் மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டாள். அதுவரை அவள் கடைப்பிடித்த விதியை அப்படியே போட்டு மிதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா உடன் போக அனுமதியில்லை. மாமா படியில் இறங்கும்போது, முழுப் பாதுகாப்பு உடுப்பில் வந்திருந்த ஆம்புலன்ஸ் பையன் அவர் தலை இடிக்காமல் இருக்க வண்டிக் கதவின் மேல் கையை வைத்தான். மாமா அவனிடம் ஏதோ பாராட்டிச் சொன்னார் என்பது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது.

முதல் இரண்டு நாள் போனில் பேசினார்.

“செக்-இன் ஆயிடுச்சு டாக்டர். கட்டில் நம்பர் குடுத்துட்டாங்க. சாவிதான் தரலை.”

“மாத்திரை போட்டீங்களா?”

“ரூம் சர்வீஸ் கரெக்டா இருக்கு. கடையைத் திறந்தியா?”

“எப்படித் திறக்கிறது? வாசல்ல தாள் ஒட்டியிருக்கு.”

“உள்ள மாட்டின போனெல்லாம் என்னாச்சு? அந்த மூணு புள்ளைக்காரம்மா…” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அவர் பேசுகிற வரைக்கும் வைத்திருந்தாள், அவர் பேசாமல் போன பிறகும் வைத்திருந்தாள்.

அப்புறம் எழுத்தில் அனுப்பினார். பிறகு கட்டைவிரல் படம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து ஒரு காலையில் அழைப்பு வந்தபோது போன் என் கையில் இருந்தது. மாமாவின் பெயரைச் சொல்லி, நீங்க என்ன உறவு என்று கேட்டார்கள். மச்சான் என்றேன். வீட்டில் பெரியவங்க யாராவது இருக்காங்களா என்றார்கள். அக்காவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே, “சரி” என்றாள். “சரிங்க.” இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, “சரி.”

இறுதிச் சடங்குக்குப் போகிறவர்களுக்கு அனுமதி உண்டு. தாள் ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு இல்லை. அங்கிருந்த ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு வீடியோ அழைப்பில் காட்டினார். ஒரு வெள்ளைப் பொட்டலம் தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னும் சில. படம் அசையாமல் நின்றுவிட்டது. திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தப் போனையும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிற அக்கா அதைத் தட்டவில்லை. இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டு போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தளர்வுகள் வந்தன. கடைகளை முழுசாகத் திறக்கலாம் என்றார்கள். தெருவில் ஷட்டர்கள் தலைக்கு மேலே போயின. கட்டடச் சொந்தக்காரர் வந்து துக்கம் கேட்டுவிட்டு, மருந்துக் கடைக்காரரை இப்போதைக்குப் பொறுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அக்கா கடைக்குப் போனாள். வேலை செய்தாள். பேசுவதுதான் குறைந்துவிட்டது.

ஓட்டலில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மிக இனிமையான குரல்.

“சார் ஒண்ணாம் தேதியிலேர்ந்து டியூட்டிக்கு வரலாம்னு சொல்லக் கூப்பிட்டோம். புக்கிங் எல்லாம் நல்லா வர ஆரம்பிச்சிருச்சு.”

பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று எங்கள் வீட்டுக்கு முதலில் சொன்னவள் அவள்தான். “அவரால வர முடியாதுங்க” என்றேன்.

“உடம்பு சரியில்லையா?”

“ஆமாங்க.”

“பரவாயில்ல. டெஸ்ட்டுல நெகட்டிவ்னு வந்ததும் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

சரி என்று வைத்துவிட்டேன். ‘சரி’ என்பது அந்த வருடம் எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

இரண்டாவது அலை வந்தது. மறுபடி பட்டியல், மறுபடி பால், மருந்து, படிப்பு. போன் ரிப்பேர் மறுபடியும் இல்லை. தெருவில் எல்லோரும் பழக்கப்பட்ட கையோடு ஷட்டரை இடுப்புக்கு இறக்கினார்கள். அக்காவும் நானும் கடைக்குப் போனோம். அவள் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தலைக்கு மேலே, கடைசி வரை தள்ளினாள்.

“அக்கா, பாதி…”

“பாதி கிடையாது.”

கண்ணாடி மேசையை இழுத்து வாசலிலேயே போட்டாள். ஜனங்கள் தெருவில், வெயிலில், தள்ளித் தள்ளி நின்றார்கள். எதிர்க் கடைக்காரர் தன் ஷட்டருக்குக் கீழே இருந்து தலையை நீட்டி, “ஏம்மா, எங்களையும் சேத்து மாட்டி விட்ராதம்மா” என்றார்.

ரோந்து வந்தது. தெரு முழுக்கத் தடதடவென்று இறங்கியது. எங்கள் கடை மட்டும் ஒரு விழுந்த பல்லின் இடம் மாதிரித் திறந்து கிடந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் பொண்ணு போனோடு குனிந்து வந்த அதே போலீஸ்காரர்.

“என்ன தங்கச்சி இது? இப்படி பப்ளிக்கா? பாதியாவது இறக்கி வைக்கக் கூடாதா? நான் பாக்கலைன்னு வச்சிக்கிட்டுப் போயிருவேன்ல.”

“பாதி இறக்க மாட்டேண்ணே. திறக்கலாம்னா இப்படித்தான் திறப்பேன், காத்து வரும். மூடணும்னா மூடுங்கன்னு சொல்லுங்க, முழுசா மூடிட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அதெப்படி நான் சொல்ல முடியும்?”

“வேற யாருண்ணே சொல்லுவாங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். மூடிய ஷட்டர்களுக்குப் பின்னால் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இனி அவரால் பார்க்காமல் இருக்க முடியாது. அபராதப் புத்தகத்தை எடுத்தார். அக்காவின் பெயரை எழுதினார்.

“கணவர் பேரு?”

அக்கா சொன்னாள்.

அவர் எழுதிக்கொண்டே, “நம்ம மேனேஜரா? எங்க அவரு? ஆளையே காணோம்?” என்றார்.

அக்கா மேசையில் கிடந்த ஸ்க்ரூக்களை ஓரமாக ஒதுக்கினாள். வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மாதான் அவர் இல்லை என்று தலையை ஆட்டிக் காட்டினாள். போலீஸ்காரரின் பேனா நின்றது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அன்றைக்கு வைத்துக்கொண்ட மாதிரியே. “இதே கடையிலயா வந்துச்சு?” என்றார்.

“தெரியலண்ணே.”

அவர் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். எழுதி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில், “மூடிரும்மா” என்றார்.

“முழுசா?”

“முழுசா.”

அக்கா ஒவ்வொரு போனாக எடுத்து உரியவர்களிடம் கொடுத்தாள். பிரித்திருந்ததை மாட்டிக் கொடுத்தாள். மூன்று பிள்ளைக்காரம்மா கையை நீட்டாமல் நின்றாள். “இது ஒண்ணை மட்டும் உள்ள வச்சு முடிச்சுக் குடும்மா. ஷட்டரை இறக்கிக்க. நான் ஒருத்திதானே. நாளைக்குப் பெரியவனுக்குப் பரீட்சை.” அக்கா அந்தப் போனைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவளால் முடியாத வேலை இல்லை அது. “இல்லக்கா” என்று கொடுத்துவிட்டாள். அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். அந்த மாதக் கடைசியில் இடம் மருந்துக் கடைக்குப் போய்விடும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ரோந்து வண்டி போன பிறகு தெருமுனையிலிருந்து ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இடுப்பு வரை ஏற ஆரம்பித்தன. நாங்கள் நடந்தோம். பாத்திரக்கடை, செருப்புக்கடை, தையல்கடை எல்லாம் தாண்டினோம். ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். பிள்ளை குனியவே தேவையில்லை, அப்படியே நடந்து போனது. உள்ளே ஏகப்பட்ட கால்கள் தெரிந்தன. “இறக்குப்பா, இறக்குப்பா, மறுபடி வண்டி வர்ற மாதிரி இருக்கு” என்றது ஒரு குரல். ஷட்டர் தரை வரை இறங்கியது.

அக்கா நின்றுவிட்டாள். பிறகு திரும்பிப் போய் அந்த ஷட்டரைக் கையால் தட்டினாள்.

“தூக்குங்க. காத்து வரட்டும். தூக்குங்க.”

உள்ளே பேச்சு நின்றுபோனது. போலீஸ் என்று நினைத்திருப்பார்கள். அக்கா மறுபடி தட்டினாள். அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், அவள் போவதற்காகக் காத்திருந்தார்கள்.